பேட்டைக் கடைக்காரர் கேள்வி பதில்: ஸ்பான்சர், பேனர், பற்றுச்சீட்டு, ஒரு முறுக்குச் சண்டை

சிங்கப்பூரில், ஈசூனில் மளிகைக் கடை நடத்தியவன் நான். வணிகர் சங்கத்தில் பொருளாளராகவும் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் உறுப்பினராகவும் ரொம்ப காலம் இருந்தேன். கடையை இப்போது மருமகன் பார்க்கிறார், எனக்கு நேரம் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கும் பேட்டைக் கடைகள், வட்டார நிகழ்ச்சிகள், நன்கொடை, அனுமதி பற்றிக் கேளுங்கள். வாடகை வழக்கு, விசா, பங்குச் சந்தை வேண்டாம்.

செங்காங், புதிய சிற்றுண்டிக் கடை: அண்ணே, கடை திறந்து சில மாதம்தான் ஆகிறது. அக்கம்பக்கத்தில் பெயர் வாங்க வேண்டும். சமூக மன்றத்துக்கு எவ்வளவு ஸ்பான்சர் கொடுக்கலாம்?

தம்பி, பணப்பையைத் திறக்கும் முன் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சமூக மன்றமும் வசிப்போர் குழுக்களும் மக்கள் கழகத்தின் கீழ் வருபவை. கழகம் 1960லிருந்து இருக்கிறது, வசிப்போர் குழு 1978ல் வந்தது. நகர மன்றம் வேறு. புளோக்கின் கீழ்த்தளம், நடைபாதை, மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகை எல்லாம் அவர்கள் பொறுப்பு. கடை இடம் வீவகவிடம், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம், வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் வீட்டுக்காரர் அவர்கள்தான். சமூக மன்றத்தில் யாரோ "ஓகே, ஓகே" என்று தலையாட்டினார் என்று கீழ்த்தளத்தில் பேனர் கட்டினால், மறுநாள் நகர மன்ற ஆள் அவிழ்த்துக்கொண்டு போவார். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன்.

அப்புறம் தொகை. தீபாவளி விருந்துக்கு ஒரே மூச்சில் 1,000 வெள்ளி (டாலர்) கொடுத்தால், மேடையில் இருபது பெயர் வாசிப்பார்கள், உங்களுடையது பதினேழாவதாக வரும். அந்த நேரம் எல்லாரும் பிரியாணி வரிசையில் நிற்பார்கள். அதைவிட, மூத்தோர் உடற்பயிற்சி நடக்கும் காலையில், மாதம் ஒருமுறை, அதே கிழமையில் ஒரு தட்டு வடை கொண்டுபோய் வையுங்கள். காரம் குறைவாக, சட்னி தனிக் கிண்ணத்தில். சுட்டு 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிகிற அளவுக்குக் கொடுங்கள், மிச்சத்தைக் கட்டிக்கொண்டு போக விடாதீர்கள். உளுந்து வடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "இது என்ன டோனட்டா?" என்று கேட்ட சீன ஆண்டி ஒருவர், பிறகு எங்கள் வரிசையில் இருந்த சாப்பாட்டுக் கடைக்கு வாரா வாரம் வந்தார், கூடவே இரண்டு பேரை அழைத்துக்கொண்டு. அந்தக் கடைக்காரர் பேனரே கட்டியதில்லை.

எத்தனை வடை, எந்தத் தேதி, யார் வாங்கிக்கொள்வார், பெயர் எங்கே வரும் என்று நாலு வரி மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள். குழுவில் ஆள் மாறும்போது முதலில் மறந்துபோவது வாய்ப்பேச்சுதான்.

புக்கிட் பாத்தோக்: கடையில் எம்பியுடன் எடுத்த படத்தை மாட்டலாமா?

மாட்டுங்கள். படத்தைப் பார்த்து யாரும் தோசை வாங்குவதில்லை.

பொங்கோல், பூக்கடை: நிகழ்ச்சிக்குக் கொடுப்பதை வரியில் கழிக்கலாமாமே, 250 விழுக்காடு?

கழிக்கலாம், எல்லாவற்றையும் அல்ல. பெறுபவர் 'பொது நல அமைப்பு' என்ற தகுதி பெற்ற அறநிறுவனமாக இருக்க வேண்டும். பணமாகக் கொடுத்தால், 1,000 வெள்ளிக்கு 2,500 வெள்ளி உங்கள் வருமானத்திலிருந்து கழியும். வரியிலிருந்து அல்ல, வருமானத்திலிருந்து. பாதிப் பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு கணக்காளரிடம் கோபப்படுகிறார்கள். கொடுக்கும்போதே அடையாள எண்ணையோ நிறுவனப் பதிவெண்ணையோ கொடுத்துவிடுங்கள். இந்த விகிதம் காலக்கெடு வைத்து அறிவிக்கப்படுவது, கொடுக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலை, அரிசி மூட்டை, எண்ணெய் டின் இவற்றுக்கு இந்தக் கழிவு கிடையாது. உங்கள் பெயரைப் போட்டு விளம்பரமாகக் கொடுத்திருந்தால் வியாபாரச் செலவாகக் காட்ட வழியுண்டா என்று கணக்காளரைக் கேளுங்கள். அதற்கும் எழுத்தில் ஒரு தாள் வேண்டும்.

வீட்டில் கேக் செய்பவர்: கேக் விற்கும்போது காசுக்குப் பதில் நான் சிடிசி பற்றுச்சீட்டு வாங்கலாமா?

முடியாது அம்மா. அது சமூக மேம்பாட்டு மன்றங்கள் (சிடிசி) குடும்பங்களுக்குக் கொடுப்பது. ஒரு பாதி உணவங்காடிக் கடைகளுக்கும் பேட்டைக் கடைகளுக்கும், இன்னொரு பாதி பேரங்காடிகளுக்கும். 2026 ஜனவரியில் வீட்டுக்கு 300 வெள்ளி என்றால், அதில் 150 இந்தப் பக்கம், 150 அந்தப் பக்கம்.

அங் மோ கியோ, முடிதிருத்தகம்: பற்றுச்சீட்டை ரொக்கமாக மாற்றித் தரச் சொல்லி வாடிக்கையாளர் கெஞ்சுகிறார்.

மாற்றாதீர்கள். பாதி விலைக்கு மாற்றித் தருகிறேன் என்று வரும் ஆளிடமும் பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள். திட்டத்திலிருந்து நீக்குவார்கள், விசாரணையும் வரும். சில்லறையும் கிடையாது. பற்றுச்சீட்டு 2, 5, 10 வெள்ளியாக வருகிறது, கணக்கைச் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். மளிகைக் கடைக்காரர்களே, சிகரெட்டுக்கும் மதுவுக்கும் வாங்கக் கூடாது என்பது நினைவிருக்கட்டும்.

உட்லண்ட்ஸ், வீட்டில் பலகாரம் செய்பவர்: தீபாவளிக்கு எங்கள் புளோக் கீழே சந்தை போடுகிறார்கள். முறுக்கு, அதிரசம் விற்க ஒரு மேசை கேட்டிருக்கிறேன். வீட்டுத் தொழிலுக்கு உரிமம் வேண்டாமே, இங்கும் வேண்டாம்தானே?

வேண்டும் தங்கச்சி. வீட்டில் சுட்டு, வாங்குபவர் கையில் நேராகக் கொடுக்கிறவரை அது வீட்டுத் தொழில், உரிமம் கேட்க மாட்டார்கள். வேலைக்கு வெளி ஆள் வைக்கக் கூடாது, வாசலில் பலகை மாட்டக் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கூடாது, அவ்வளவுதான். அதே முறுக்கு சந்தை மேசைக்கு வந்தால் கதை வேறு. அது தற்காலிகச் சந்தைக் கடை, சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் வேண்டும். வீட்டு அடுப்பில் செய்ததை அங்கே விற்கவும் முடியாது. ஏற்பாட்டாளர் "பார்த்துக்கலாம்" என்று சொன்னால், எதைப் பார்த்துக்கொள்வார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ், மளிகைக் கடை: சரியாகச் சொன்னீர்கள் அண்ணே. மாதா மாதம் வாடகை, மின்கட்டணம், ஆள் சம்பளம் எல்லாம் நாங்கள் கட்டுகிறோம். போன வருஷம் நிகழ்ச்சிக்கு என்னிடமே அரிசியும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு, என் கடை வாசலுக்கு நேர் எதிரே பலகாரத்துக்கு மேசை போட்டுக்கொடுத்தார்கள். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை என் கல்லாவைப் பார்த்திருக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ், பலகாரம்: கடைக்கார அண்ணன் கல்லாப் பக்கத்தில் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், லேபிள்கூட ஒட்டாமல் வைத்திருக்கும் முறுக்கு எங்கிருந்து வருகிறதாம்? என்னை மாதிரி ஒரு வீட்டிலிருந்துதானே?

தெம்பனிஸ், மளிகைக் கடை: அது வேறு. அது தெரிந்தவர் செய்து கொடுப்பது.

ஜூரோங் வெஸ்ட், வாடிக்கையாளர்: நடுவில் வருகிறேன். முன்பெல்லாம் காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை சும்மா போடுவார்கள். இப்போது அதற்கும் பொட்டலம் கட்டி விலை. அக்கா பத்து முறுக்கு வாங்கினால் பதினொன்று போடுகிறார். நாங்கள் எங்கே போவோம்?

தெம்பனிஸ், மளிகைக் கடை: சார், அந்தக் கறிவேப்பிலையை நான் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன்.

கறிவேப்பிலையை விடுங்கள். தெரிந்தவர் செய்தாலும் தெரியாதவர் செய்தாலும், வீட்டுச் சமையலறையில் செய்ததைக் கடைகளுக்குப் போட்டு விற்பதும் விதிக்கு வெளியேதான். ஆக தங்கச்சிக்கு மேசை கிடையாது, தம்பிக்கு டப்பா கிடையாது. இரண்டு பேரும் ஒரே பக்கம்தான் நிற்கிறீர்கள், தெரிகிறதா?

தெம்பனிஸ் தம்பியின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் அது அக்கா மேல் பாய வேண்டியதில்லை. கேட்க வேண்டிய இடம் ஏற்பாட்டுக் குழு. அரிசி கொடுக்கச் சம்மதிக்கும் அன்றைக்கே, "எத்தனை மேசை, என்ன பொருள், எந்தப் பக்கம்" என்று கேட்டிருக்க வேண்டும். மேசை வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வரிசைக் கடைகள் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. இரண்டு தூண் தள்ளிப் போடு என்றால் போடுவார்கள், அவர்களுக்கும் அடுத்த வருஷம் அரிசி வேண்டுமே.

தங்கச்சிக்கு இரண்டு வழி. உரிமம் பெற்ற சமையற்கூடத்தில் இடம் எடுத்துச் செய்யலாம், பகிர்ந்துகொள்ளும் கூடங்களும் இருக்கின்றன. செலவைக் கணக்குப் போட்டு, சீசனுக்கு மட்டும் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். இல்லையென்றால் சமூக மன்றத்தில் முறுக்குப் பிழியச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நடத்துங்கள். அச்சைத் திருகித் தட்டில் சுற்றும்போது சீனர், மலாய்க்காரர் எல்லாரும் கைபேசியில் படம் எடுப்பார்கள். வகுப்புக்கு வருகிறவர்கள் பிறகு வீட்டுக்கு ஆர்டர் கொடுத்து வாங்கிப் போனால் அது வீட்டுத் தொழில், யாரும் தடுக்க மாட்டார்கள்.

தெம்பனிஸ், மளிகைக் கடை: அப்படியென்றால் டப்பாவை எடுத்துவிட வேண்டுமா?

எடுங்கள்.

ஜூரோங் வெஸ்ட், வாடிக்கையாளர்: அந்த முறுக்கு நன்றாக இருக்கும் அண்ணே...

அடுத்த கேள்வி.

வீட்டில் ஊறுகாய் போடுபவர்: வீட்டுத் தொழிலுக்குச் சிடிசி பற்றுச்சீட்டு வாங்க முடியுமா?

மேலே பாருங்கள்.

தோ பாயோ, சிறு பேரங்காடி: கல்லா இயந்திரம் புதிதாக வாங்கிவிட்டேன். உற்பத்தித்திறன் தீர்வு மானியம் பாதி கிடைக்குமாமே, எப்படி விண்ணப்பிப்பது?

வாங்கிவிட்டீர்கள் அல்லவா, முடிந்தது. முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் கையெழுத்தும் முன்பணமும். விற்பனையாளர் "முதலில் டெபாசிட் போடுங்க பாஸ்" என்றால் கதவைக் காட்டுங்கள்.

ஈசூன், துணிக்கடை: வணிகர் சங்கத்தில் சேர்ந்து சந்தா கட்டி என்ன பயன்? தேநீர் விருந்து மட்டும்தானே?

என் சங்கத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடைகளுக்குப் புத்துயிரூட்டும் வீவக திட்டம் 2007லிருந்து இருக்கிறது. வரிசையின் பொது இடத்தைச் சீர்செய்யவும், விற்பனை நிகழ்ச்சி நடத்தவும் செலவில் ஒரு பங்கு அதில் வருகிறது. அது சங்கம் வழியாகத்தான் நடக்கும், தனிக்கடை போய்க் கேட்க முடியாது. தேநீரும் நன்றாகத்தான் இருக்கும்.

சுவா சூ காங், காய்கறிக் கடை: இரவு மிஞ்சும் காய்கறியையும் ரொட்டியையும் கொடுக்க ஆசை. சாப்பிட்டவருக்கு வயிறு கெட்டால் என் மேல் வழக்கு வருமோ என்று பயம்.

நல்ல கேள்வி. உணவு நன்கொடையாளரைப் பாதுகாக்க 2024 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. கொடுக்கும்போது உணவு கெடாமல் இருக்க வேண்டும், எப்படி வைத்துக்கொள்வது, எதற்குள் சாப்பிடுவது என்று பெறுபவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சுத்த விதிகளைக் கடைப்பிடித்திருக்க வேண்டும். இவற்றைச் செய்தவருக்குப் பொறுப்பு இல்லை என்பது அதன் சாரம். ரொட்டிப் பொட்டலத்தில் தேதி தெரியட்டும். வாடிய கீரையைத் தானம் என்று தள்ளிவிடாதீர்கள், பெறுபவருக்கும் கண் இருக்கிறது.

மார்சிலிங், மாமா கடை: பெரிய பேரங்காடி வந்த பிறகு எங்களைப் போன்ற சின்னக் கடைக்குச் சமூகத்தில் என்ன வேலை? ஸ்பான்சர் கொடுக்கவும் காசில்லை.

அண்ணே, இன்றைக்கு வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. கடன் கணக்கு எழுதும் பழைய 555 நோட்டு உங்களிடம் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். யார் வீட்டில் எத்தனை பேர், யாருக்குச் சர்க்கரை, யார் சம்பளத் தேதிக்கு முன் முட்டையைப் பாதியாக வாங்குவார் எல்லாம் அதில் இருக்கும். பேரங்காடியின் தானியங்கிக் கல்லாவுக்கு இது தெரியாது. தினமும் காலையில் ரொட்டி வாங்கும் பாட்டி இரண்டு நாள் வரவில்லை என்றால் முதலில் கவனிப்பது நீங்கள்தான். வசிப்போர் குழுவில் ஒருவரின் கைபேசி எண்ணைக் கல்லாவில் ஒட்டி வையுங்கள். சந்தேகம் வந்தால் அழைத்து, "புளோக்கில் ஒருமுறை கதவைத் தட்டிப் பாருங்கள்" என்று சொன்னால் போதும்.

இன்னொன்று. மறதி நோயால் வழிதவறும் முதியவர்களைப் பத்திரமாக உட்கார வைத்து வீட்டாருக்குச் சொல்லும் 'கோ-டு பாயின்ட்' ஏற்பாடு இருக்கிறது, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு அதை ஒருங்கிணைக்கிறது. கடைகளும் சேரலாம். ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர் போத்தல், எப்படிப் பேசுவது என்று கொஞ்சம் பயிற்சி. பிடித்து இழுக்காமல், அதட்டாமல், பெயரைக் கேட்டு உட்கார வைக்கத் தெரிந்தால் போதும். நீங்கள் பாதி நாள் அதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள்.

நாற்காலியை மட்டும் நடைபாதையில் போடாதீர்கள். சக்கர நாற்காலி போக வழி வேண்டும், நகர மன்றத்தின் அபராதச் சீட்டும் வரும். கடைக்குள்ளேயே போடுங்கள்.

பாசிர் ரிஸ்: சமையலுக்கு ஊரிலிருந்து ஆள் எடுக்க வேலை அனுமதி...

மனிதவள அமைச்சு.

செம்பவாங்: நிகழ்ச்சிக்கு நான் கொடுக்கும் சாப்பாட்டுக்கு ஹலால் முத்திரை போட்டுக்கொள்ளலாமா? நாங்கள் பன்றி சமைப்பதில்லை.

போடக் கூடாது. முத்திரையைத் தருவது முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் மட்டும். "பன்றி இல்லை" என்பதும் "ஹலால்" என்பதும் ஒன்றல்ல. எல்லா இனத்தாரும் வரும் நிகழ்ச்சிக்குச் சான்றிதழ் பெற்ற கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், நீங்கள் சைவத் தட்டுக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். சைவத்துக்குத் தனிக் கரண்டி, தனி மேசை. அதற்கும் யார் பொறுப்பு என்று எழுத்தில்.

வீட்டில் நகை விற்பவர்: அண்ணே, சிடிசி பற்றுச்சீட்டு...

முடியாது. மூன்றாவது முறை. மருமகன் கடையை மூடப் போகிறார், நானும் கிளம்புகிறேன். உட்லண்ட்ஸ் தங்கச்சி, வகுப்பு நடத்துவதாக இருந்தால் செயற்குழுவுக்கு இந்த வாரமே எழுதுங்கள், தீபாவளி அட்டவணையைச் சீக்கிரம் நிரப்பிவிடுவார்கள்.