எழுதியது யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் நண்பர்கள் வற்புறுத்தியதால் பிரிட்டிஷ் இயக்குநர் மைக் லீயின் 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' படம் பார்த்தேன். கடைசி அரைமணி நேரம் அழுகையை அடக்க முடியவில்லை. ஆனால் அவரைப் பற்றித் தேடினால் நகைச்சுவை இயக்குநர், நாடகாசிரியர் என்று வருகிறது. அதைவிடக் குழப்பம், அவர் ஸ்கிரிப்டே எழுதுவதில்லையாம். நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேச, இவர் படம் பிடிப்பாராம். அப்படியென்றால் அந்தப் படத்துக்குத் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரை எப்படி வந்தது? அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறாரோ?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வாய்க்கு வந்ததை என்கிறீர்களே, அதுதான் அவரைப் பற்றி ஐம்பது வருடமாகச் சுற்றிவரும் தப்பான தகவல். கேமரா ஓடும்போது மைக் லீயின் நடிகர்கள் அநேகமாக எதையும் புதிதாகப் பேசுவதில்லை. பேச்செல்லாம் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும், மாதக்கணக்கில்.

முதலில் ஒவ்வொரு நடிகரையும் தனியாக உட்காரவைத்து, அவருக்குத் தெரிந்த மனிதர்களைப் பற்றிப் பேசச் சொல்வார். அத்தை, பழைய வாத்தியார், எதிர்வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் சரி. அதில் ஒருவரையோ இரண்டு மூன்று பேரைக் கலந்தோ ஒரு பாத்திரத்தைப் பிடித்து, பிறந்ததிலிருந்து அந்த ஆளின் வாழ்க்கையைக் கட்டுவார்கள். அப்புறம்தான் பாத்திரங்கள் ஒன்றையொன்று சந்திக்கும். இதில் கறாரான ஒரு விதி உண்டு. தன் பாத்திரத்துக்குத் தெரிந்தது மட்டுமே நடிகருக்கும் தெரியும். மற்றதைச் சக நடிகரிடம் கேட்கக்கூடாது.

2004இல் வந்த 'வேரா டிரேக்' 1950ஆம் ஆண்டு லண்டனில் நடக்கும் கதை. வீட்டு வேலை செய்து பிழைக்கும் வேரா, யாருக்கும் தெரியாமல் பெண்களுக்குக் கருக்கலைப்புச் செய்கிறாள். அவள் குடும்பமாக நடித்தவர்களுக்கு இது சொல்லப்படவே இல்லை. ஒத்திகையில், வீட்டில் கொண்டாட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. போலீஸ் உள்ளே வந்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நீங்கள் பார்த்த படத்திலும் இப்படித்தான் நடந்தது. வெள்ளைக்காரத் தாய் சிந்தியாவாக நடித்த பிரெண்டா பிளெதினுக்குத் தன்னைத் தேடிவரும் மகள் கறுப்பினப் பெண் என்பது ஒத்திகையில் நேரில் பார்க்கும்வரை தெரியாது.

இப்படிக் கிடைத்ததையெல்லாம் லீ வெட்டி, சுருக்கி, திருப்பித் திருப்பிப் பேசவைத்து ஒவ்வொரு வார்த்தையாக உறையவைப்பார். பிறகுதான் படப்பிடிப்பு. தாயும் மகளும் பேசும் அந்தத் தேநீர்க்கடைக் காட்சி ஏழு நிமிடத்துக்கும் மேல் ஒரே ஷாட்டில் ஓடுகிறது. தான் எந்தக் கறுப்பினத்தவரோடும் இருந்ததே இல்லை என்று சாதிக்கும் சிந்தியாவுக்கு, நடுவில் எதுவோ ஞாபகம் வந்து முகம் மாறுகிறது. வாய்க்கு வந்ததைப் பேசி அப்படியொரு அமைதியைக் கொண்டுவர முடியாது. திரைக்கதைக்காக மட்டும் அவர் பெயர் ஆஸ்கருக்கு ஐந்து முறை போயிருக்கிறது. ஐந்து முறையும் விருது கிடைக்கவில்லை. அது வேறு விஷயம்.

இருந்தாலும் உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. லீயின் 'அபிகெய்ல்ஸ் பார்ட்டி' நாடகத்தில் வரும் பெவர்லி, பாதிக்குப் பாதி அந்த வேடத்தில் நடித்த ஆலிசன் ஸ்டெட்மன் உண்டாக்கியவள் என்றே நினைக்கிறேன். அந்தக் காலத்தில் லீ தன் பெயருக்கு முன்னால் 'எழுத்து' என்று போடவில்லை, 'டிவைஸ்ட்' என்றுதான் போட்டார். உருவாக்கம் என்று சொல்லலாம். பிந்தைய படங்களில் அது 'எழுத்து' ஆனது. எனக்குப் பழைய சொல்தான் பிடித்திருக்கிறது.

அந்த நாடகம் 1977இல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் அரங்கில் வந்தது. ஸ்டெட்மன் கர்ப்பமாக இருந்ததால் பெரிய அரங்குக்கு மாற்ற முடியாமல் பிபிசி ஸ்டுடியோவில் படமாக்கினார்கள். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பெவர்லி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் குடிக்கவும் கொறிக்கவும் கொடுக்கிறாள். சிவப்பு ஒயினைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைக்கிறாள். எல்லோருக்கும் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவள் கணவன் மாரடைப்பில் விழுகிறான். பிரிட்டிஷ் நாடகாசிரியர் டென்னிஸ் பாட்டர் அதைப் பார்த்துவிட்டு, கீழ் நடுத்தர வர்க்கத்தை இளக்காரம் செய்யும் நாடகம் என்று கடுமையாகத் தாக்கி எழுதினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இளக்காரம் செய்பவன் அந்த மரணத்தை அவ்வளவு நீளமாகக் காட்டமாட்டான்.

சிரிப்பா அழுகையா என்ற உங்கள் கேள்விக்கும் இங்கேயே வந்துவிடலாம். லீ இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் வளர்ந்தவர். அப்பா டாக்டர், அம்மா பிரசவம் பார்ப்பவர். பன்னிரண்டு வயதில் தாத்தாவின் சாவு. குளிர்காலம், கிழவர்கள் மூக்கு ஒழுக ஒழுகச் சவப்பெட்டியைப் படியில் இறக்குகிறார்கள். இதைப் படமாக எடுத்தால் எப்படியிருக்கும் என்று அப்போதே தோன்றியதாம். சாவு வீட்டில் சிரிப்பை அடக்கத் திணறியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1960இல் ராடா நாடகப் பள்ளியில் நடிப்புப் படிக்கப் போனார். பிடிக்கவில்லை. பிறகு ஓவியப் பள்ளியில், எதிரே இருக்கும் மனித உடலைப் பார்த்து வரையும் வகுப்பில்தான், ராடாவில் யாருமே எதையும் நேராகப் பார்க்கவில்லை என்று புரிந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த வேலைமுறைக்குக் கொடுத்த விலையும் அதிகம். கையில் காகிதமே இல்லாமல் போய் நின்றால் எந்தத் தயாரிப்பாளர் பணம் தருவார்? முதல் படம் 'ப்ளீக் மொமெண்ட்ஸ்' 1971இல். நடிகர் ஆல்பர்ட் ஃபின்னியின் கம்பெனி கைகொடுத்தது. திரையரங்குக்கான அடுத்த படம் 'ஹை ஹோப்ஸ்' வந்தது 1988இல்! நடுவில் பதினேழு வருடம் தொலைக்காட்சியும் நாடகமும்தான். 1993இல் 'நேக்கட்' படத்துக்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது, 1996இல் நீங்கள் பார்த்த படத்துக்கு அங்கே உச்ச விருதான தங்கப் பனை. அதே கான் விழா 'வேரா டிரேக்'கை வேண்டாம் என்றது. வெனிஸ் விழாவுக்குப் போய் அங்கே உச்ச விருதான தங்கச் சிங்கத்தை வாங்கியது படம்.

அடுத்து 'நட்ஸ் இன் மே' பாருங்கள். 1976இல் பிபிசிக்காக எடுத்தது. இங்கிலாந்தின் டார்செட்டில் கூடாரம் போட வரும் சைவத் தம்பதி. கவளத்தை 72 தடவை மெல்லவேண்டும் என்பார் கணவர். பக்கத்தில் ஒருவன் சத்தமாக ரேடியோ போடுகிறான். இவருக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் வேறொருவனைக் கையில் கட்டையோடு துரத்திக்கொண்டு ஓடுகிறார். பார்த்துவிட்டு, அவர் மேல் கோபம் வந்ததா பாவமாக இருந்ததா என்று எழுதுங்கள்.