நடுவர் போட்ட பிச்சையா?

கேள்வி: விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி 2024-25 பருவத்தில் பட்டம் வென்றதைப் போன இதழில் ஒரேயடியாகக் கொண்டாடியிருந்தீர்கள். மோதக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டு ஆடுவதெல்லாம் ஹாக்கியா? அதிலும், ஆட்டம் முடிய 20 விநாடிகூட இல்லாதபோது வீடியோவைப் பார்த்து நடுவர் போட்ட பிச்சையில் கிடைத்த கோப்பை அது. எப்படியும் அதே நாலைந்து கல்லூரிகள்தானே மாற்றி மாற்றி ஜெயிக்கின்றன? இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

– ஒரு வாசகர், மினியாபொலிஸ்

பதில்: கடிதத்தின் அடியில் இருந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது. 2025 மார்ச் 21. உங்கள் ஊர் ரிட்டர் அரீனா, உங்கள் மினசோட்டா கோஃபர்ஸ் அணி, உங்கள் கூட்டம். அரையிறுதியில் விஸ்கான்சின் 6, மினசோட்டா 2. நம் வீட்டுக் கூடத்திலேயே பக்கத்து வீட்டுக்காரர் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போன மாதிரி. போதாததற்கு இரண்டு நாள் கழித்து அதே பனித்தளத்தில் கோப்பையையும் தூக்கினார்கள். வயிறு எரியத்தான் செய்யும். அதற்காக நடுவரைப் பிடித்துத் திட்டுவானேன்?

இறுதியாட்டத்தின் அந்தக் கடைசி நிமிடத்தை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். ஒஹாயோ ஸ்டேட் 3-2 என்று முன்னிலையில் இருக்கிறது. விஸ்கான்சின் தன் கோல்கீப்பரை வெளியே அழைத்துக்கொண்டு ஆறாவது ஆட்டக்காரியை முன்னால் அனுப்பிவிட்டது. பின்னால் கோல் காலியாகக் கிடக்கிறது. ஒஹாயோ கோலுக்கு முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. பனியில் விழுந்து கிடக்கும் கால்களுக்கு நடுவே எங்கேயோ பக் (இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதில் இருக்கும் ரப்பர் வட்டு). விசில் ஊதிவிட்டார்கள். நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை.

விஸ்கான்சின் பயிற்சியாளர் மார்க் ஜான்சன் தரப்புக்குத் தெரிந்திருக்கிறது. வீடியோவைப் பார்க்கச் சொல்லிக் கேட்டார்கள். கோலுக்கு முன்னால் நீல வண்ணம் அடித்த அரைவட்டம் இருக்கிறதே, அதற்கும் கிரீஸ் என்றுதான் பெயர் (கிரிக்கெட் கிரீஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). அதற்குள் பக்கைக் கையால் மூடும் உரிமை கோல்கீப்பருக்கு மட்டும்தான். வேறு தடுப்பாட்டக்காரி மூடினால் பெனால்டி ஷாட். வீடியோவில் ஒஹாயோ கை பக்கின் மேல் இருந்தது. விதி எல்லோருக்கும் தெரிந்த விதிதான். அந்த நெரிசலில் அதைப் பார்த்து, உடனே கேட்டதுதான் சாமர்த்தியம். கேட்காமல் விட்டிருந்தால் யாரும் கூப்பிட்டுக் கொடுத்திருக்கப் போவதில்லை.

பெனால்டி ஷாட்டைக் கால்பந்துப் பெனால்டி மாதிரி நினைத்துக்கொள்ளவும் கூடாது. கால்பந்தில் அடிக்காமல் விட்டால்தான் செய்தி. ஐஸ் ஹாக்கியில் தவறவிடுவதுதான் அதிகம். நடுத்தளத்திலிருந்து தனியாகப் பக்கை ஓட்டிக்கொண்டு வரவேண்டும். எதிரே கால்காப்பும் கையுறையுமாக ஒரு சுவர் நிற்கும். கடிகாரத்தில் 18.9 விநாடி. கிர்ஸ்டன் சிம்ஸ் வந்தார், போட்டார், 3-3. அப்புறம் கூடுதல் நேரம். 2 நிமிஷம் 49 விநாடியில் மறுபடியும் அதே சிம்ஸ், 4-3. பிச்சை என்று நீங்கள் சொல்வது முதல் கோலை. இரண்டாவதை யார் போட்டார்கள்?

இந்த மார்க் ஜான்சன் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சின்ன விலகல்தான். 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் சோவியத் அணியைத் தோற்கடித்தார்களே, அந்த ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர். அதில் ஒன்று முதல் பகுதி முடிய ஒரே ஒரு விநாடி இருக்கும்போது விழுந்தது. சோவியத் ஆட்டக்காரர்கள் பகுதி முடிந்துவிட்டது என்றே அசந்திருந்தார்கள். அதற்குப் பிறகு சோவியத் பயிற்சியாளர் உலகத்தின் தலைசிறந்த கோல்கீப்பரான த்ரேத்யாக்கை உட்காரவைத்துவிட்டார். ஒரு விநாடியை வைத்து என்ன செய்யலாம் என்று தெரிந்த மனிதரிடம் 18.9 விநாடி கொடுத்தால் சும்மா இருப்பாரா?

மோதல் விஷயத்துக்கு வருகிறேன். ஆண்கள் ஆட்டத்தில் பக் வைத்திருப்பவரைத் தோளால் இடித்து, தளத்தைச் சுற்றி நிற்கும் பலகையோடு நசுக்கலாம். பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் அப்படிச் செய்தால் இரண்டு நிமிஷம் தண்டனைப் பெட்டியில் போய் உட்கார வேண்டும், அணி ஓர் ஆள் குறைவாக ஆடவேண்டும். இடிக்க முடியாது என்றால் பக்கை எப்படிப் பிடுங்குவது? எதிராளி போகும் வழியை முன்கூட்டியே கணக்குப் போட்டு அடைக்க வேண்டும், ஸ்டிக்கை நீட்டித் தட்டிப் பறிக்க வேண்டும், அதையும் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே செய்யவேண்டும். விஸ்கான்சினின் கரோலைன் ஹார்வி என்ற தடுப்பாட்டக்காரியைப் பத்து நிமிஷம் பாருங்கள். பக்கை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். தோளோடு தோள் உரசல் தாராளமாக உண்டு. பலகையோரத்து இருக்கையில் உட்கார்ந்தவருக்குச் சத்தமே சொல்லும். அதே அணியின் கேசி ஓ'பிரையன் அந்தப் பருவத்தில் 88 புள்ளி எடுத்து, சிறந்த கல்லூரி ஆட்டக்காரிக்கான பாட்டி கேஸ்மையர் விருது வாங்கினார். கோலுக்கு ஒன்று, கோல் அடிக்கப் பாஸ் கொடுத்தால் ஒன்று என்பது கணக்கு. அவருடைய 88இல் பெரும்பங்கு பாஸில் வந்தது. இடித்துத் தள்ளி வந்த எண்ணிக்கை இல்லை அது.

அதே நாலைந்து கல்லூரிகள் என்கிறீர்கள். எண்ணிப் பார்த்தால் ஐந்து. என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) பட்டம் 2001இல் தொடங்கி, கொரோனா ஆண்டான 2020ஐத் தவிர்த்து, 2025 வரை 24 முறை. விஸ்கான்சின் 8, மினசோட்டா 6, மினசோட்டா டுலூத் 5, கிளார்க்சன் 3, ஒஹாயோ ஸ்டேட் 2. இந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் உண்டு. ஆனால் 6 பட்டம் வாங்கிய ஊரிலிருந்து இது குறையாக வருவதுதான் வேடிக்கை. உங்கள் கல்லூரியே ஜெயித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வி எழவில்லையே? அந்த ஐந்திலும் ஒஹாயோ ஸ்டேட் 2018க்கு முன் என்.சி.ஏ.ஏ. போட்டிக்குள் காலடியே வைத்ததில்லை. நடீன் மஸரால் பயிற்சியாளராக வந்த பிறகுதான் கதவு திறந்தது, 2022இலேயே பட்டம். அவர் ஆடிப் பழகியதும் உங்கள் மினசோட்டாவில்தான். 2023 இறுதியாட்டத்தில் விஸ்கான்சின் 1-0 (அந்த ஒரே கோலும் சிம்ஸ்தான், முதலாண்டு மாணவி), 2024இல் ஒஹாயோ 1-0, 2025இல் 4-3. மூன்று வருஷம் ஒரே இரண்டு அணிகள், மூன்று முறையும் ஒரே ஒரு கோல் வித்தியாசம். இது சலிக்கிறது என்றால் உங்களுக்கு நான் எந்த ஆட்டத்தைத்தான் சிபாரிசு செய்வது?

சொல்லப்போனால் நானே உங்கள் அணியைப் பார்த்துத்தான் இந்த ஆட்டத்துக்குள் வந்தேன். 2012-13 பருவம். 41 ஆட்டம், 41 வெற்றி. விஸ்கான்சின் 2024-25இல் ஆடியதும் அதே 41தான். 38 வெற்றி, ஒரு தோல்வி, இரண்டு சமன். ஆக உங்கள் சாதனை பத்திரமாக இருக்கிறது, கவலை வேண்டாம். ஆனால் அந்த 41ஐயும் சுலபமாக வாங்கவில்லை. காலிறுதியில் நார்த் டகோட்டா மூன்றாவது கூடுதல் நேரம் வரைக்கும் இழுத்தடித்தது, அதுவும் ரிட்டர் அரீனாவிலேயே. கடைசியில் 3-2. எதிர் அணியில் லாமரூ இரட்டையர், ஜோஸ்லினும் மோனிக்கும். அடுத்த நவம்பரில் அதே நார்த் டகோட்டா அதே ரிட்டருக்கு வந்து உங்கள் 62 தொடர் வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போனது.

நாலைந்து கல்லூரிகள்தானா என்று கேட்பவர் இந்த நார்த் டகோட்டாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் கை கொடுத்திருப்பேன். 2017 மார்ச்சில் செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி அந்தப் பல்கலைக்கழகம் பெண்கள் அணியையே இழுத்து மூடிவிட்டது. ஆண்கள் அணி தொடர்ந்தது. ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. 2018 பியோங்சாங் ஒலிம்பிக் இறுதியில் கனடாவுக்கு எதிராக மோனிக் சமன் கோல் அடித்தார், ஷூட் அவுட்டில் ஜோஸ்லின் வெற்றி கோல் அடித்தார், அமெரிக்காவுக்குத் தங்கம். இருவரும் ஆடி வளர்ந்த கல்லூரி அணி அப்போது இல்லை.

உங்கள் 62ஐ முடித்துவைத்தவர்களை இனி நீங்கள் பழிவாங்கவே முடியாது. விஸ்கான்சின் அப்படியில்லை. ஒவ்வொரு பருவமும் உங்கள் ஊருக்கு வருகிறார்கள். பலகையோரத்து இருக்கையாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். அப்புறம் எழுதுங்கள், போடுகிறேன்.