ஒரே 7.8: அப்பாவுக்குப் போதும், எனக்கு ஏன் போதாது?

கேள்வி: எனக்கு வயது 41. மூன்று வருடமாக டைப் 2 சர்க்கரை நோய். அப்பாவுக்கு 76, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த முறை இருவருக்குமே ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.8. அப்பாவிடம் "இது போதும்" என்ற டாக்டர், எனக்கு மருந்தைக் கூட்டிவிட்டார். அப்பா என்ன ஆனாலும் மாத்திரையை விடமாட்டார், நான் அடிக்கடி மறப்பேன். அவர் மாதிரியே நானும் இருந்தால் சரியாகிவிடுமா?

பதில்: உங்கள் டாக்டர் சொன்னதில் முரண் இல்லை. கூடுதல் சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கப் பல வருடம் எடுத்துக்கொள்ளும். அத்தனை வருடமும் உங்களுக்கு முன்னால் இருக்கிறது. அதனால்தான் உங்கள் வயதில் பொதுவாக 7-க்குக் கீழே கேட்கிறோம். வேறு நோய்களும் சேர்ந்த முதியவருக்கு 8-க்குள் இருந்தாலே பல டாக்டர்கள் திருப்தி அடைவார்கள்.

இதற்குப் பின்னால் இரண்டு பெரிய ஆய்வுகள் உண்டு. பிரிட்டனில் 1977-ல் தொடங்கிய யுகேபிடிஎஸ், நோய் தெரிந்த புதிதிலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு அதன் பலன் ஆய்வு முடிந்து பத்து வருடம் கழித்தும் தொடர்ந்ததைக் காட்டியது. அந்த முடிவு வந்தது 2008-ல். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்டு ஆய்வில், நோய் முற்றி இதய ஆபத்தும் இருந்தவர்களை 6-க்குக் கீழே இறக்கப் பார்த்தபோது இறப்பு கூடியது. அந்தத் தீவிர சிகிச்சையை அதே 2008-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

எனக்குக் கவலை உங்கள் மறதியைவிட அப்பாவின் கண்டிப்புதான். "என்ன ஆனாலும்" என்றால், சாப்பிடாத நாளிலுமா? வயதாக ஆக சிறுநீரகத்தின் வேகம் குறையும். இன்சுலினும், கிளைபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளும் உடலில் கூடுதல் நேரம் தங்கும். கிளைபென்கிளமைடை முதியவர்களுக்குத் தவிர்ப்பதே நல்லது. பசி இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை இறங்கிவிடும். இளம் வயதில் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். இந்த வயதில் அவை மங்கிப்போகும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுத்தால் படபடப்பு இன்னும் மறையும். பேச்சு தடுமாறுவது, காரணமில்லாத எரிச்சல், நடக்கும்போது தள்ளாட்டம், இவ்வளவுதான் வெளியே தெரியும். வீட்டில் எல்லோரும் 'வயசாயிடுச்சு' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்படி இருந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சரியான பிறகும் உணவு கொடுத்து, சில மணி நேரம் கவனியுங்கள். மாத்திரையின் வேலை முடியாததால் மீண்டும் இறங்கலாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். சாப்பிட முடியாத நாளில் எந்த மருந்தை நிறுத்தலாம், எதைக் குறைக்கலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். இன்சுலினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அப்புறம் அவர் பாதம். குனிய முடியாது, கண் மங்கல், காலில் உணர்ச்சியும் குறைவு என்றால் தன் காலைத் தானே பார்த்துக்கொள்ளச் சொல்வதில் பிரயோஜனமில்லை. தினமும் நீங்களே விரலிடுக்கையும் குதிகாலையும் பாருங்கள். எடை குறைந்து சட்டை தொளதொளத்தால் அதைச் சாதனையாக நினைக்காதீர்கள். பத்தியம் அளவு மீறியிருக்கலாம், தசை கரைந்தால் கீழே விழுவார்.

இனி உங்கள் விஷயம். மறதி என்கிறீர்கள், நான் முழுதாக நம்பவில்லை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வயிற்றைக் கலக்குவதால் வெளியே சொல்லாமல் விடுபவர்கள் நிறையப் பேர். அதுதான் காரணம் என்றால் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது. உண்மையிலேயே மறதிதான் என்றால், ஒரே வேளையில் முடிகிற கூட்டு மாத்திரையாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். டைப் 2 நோய் தெரிந்த உடனேயே விழித்திரைப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். இந்த மூன்று வருடத்தில் செய்யவில்லை என்றால் இந்த மாதமே போங்கள், பார்வை நன்றாகத் தெரிந்தாலும்.