வாசகர் கேள்வி பதில்: கறுப்பு முகமூடியும் வாசனைக் கைக்குட்டையும்

சென்ற இதழில் பழைய வாள்வீச்சுப் படங்களைப் பற்றி எழுதியபோது, ஸோரோ என்ற முகமூடி வீரனைப் பற்றி 1940ஆம் ஆண்டில் வெளிவந்த ஹாலிவுட் படம் 'தி மார்க் ஆஃப் ஸோரோ' எனக்கு மிகவும் பிடித்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை மேசையை நிறைத்துவிட்டதால், இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அந்தப் படத்துக்கே ஒதுக்குகிறேன். வேறு சங்கதி கேட்டு எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, ஸோரோ என்றால் என் பேரனுக்கு 1998இல் வந்த அந்தோணியோ பண்டெராஸ், எனக்கு டைரோன் பவர். காலஞ்சென்ற என் தகப்பனாரோ டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸைத் தவிர வேறு ஒருவரையும் ஒப்புக்கொள்ளவே மாட்டார். எதுதான் அசல்? (வாசகி, மெரிபேங்க்)

பதில்: அம்மா, அசல் இவர்கள் மூவருமே அல்லர். ஜான்ஸ்டன் மெக்கல்லி என்ற அமெரிக்க எழுத்தாளர், 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு மலிவு விலை வாரப் பத்திரிகையில் ஐந்து பகுதிகளாக எழுதிய தொடர்கதையில்தான் ஸோரோ பிறந்தான். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு நரி என்று பொருள். கதையின் முடிவில் எல்லோர் முன்னிலையிலும் அவன் முகமூடியைக் கழற்றிவிடுவதைப் பார்த்தால், இந்த ஒரு கதையோடு இவன் கதை முடிந்தது என்றுதான் ஆசிரியர் நினைத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆனால் அதுவரை கோட்டும் சூட்டும் அணிந்து நகைச்சுவைப் படங்களில் குதித்துக்கொண்டிருந்த டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டார். சாப்ளின், மேரி பிக்ஃபோர்ட், கிரிஃபித் ஆகியோருடன் சேர்ந்து 1919இல் அவர் தொடங்கியிருந்த யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தின் வழியாக, ஃப்ரெட் நிப்லோவின் இயக்கத்தில் 1920இல் பேசாப் படமாக அதை வெளியிட்டார். மெக்கல்லியின் கதையில் ஸோரோவின் மேலங்கி ஊதா நிறம். இன்று குழந்தைகள்கூட வரைந்துவிடக்கூடிய அந்தக் கறுப்பு உருவம் ஃபேர்பேங்க்ஸ் கொடுத்தது. பிற்பாடு மெக்கல்லியே தம் கதைகளைப் படத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். எனவே தங்கள் தகப்பனார் பக்கம் நியாயம் சற்று அதிகம். என்றாலும் டைரோன் பவர் நடித்து, ரூபன் மமூலியன் இயக்கிய 1940ஆம் ஆண்டுப் படத்தையே நான் மேலாகச் சொல்வேன். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? அப்படி என்ன விசேஷம் அதில்? (வாசகர், வெருலம்)

பதில்: ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் போர்ப்பயிற்சி பெற்றுவரும் டியேகோ என்ற இளைஞன், தந்தை அழைத்ததன்பேரில் கலிஃபோர்னியாவுக்குத் திரும்புகிறான். இனி அங்கே வாளுக்கு வேலை இல்லை என்று நினைத்து, கிளம்பும் முன் அதைக் கூரையில் செருகும்படி எறிந்துவிட்டு வருகிறான். லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தால், நேர்மையாக ஊரை நிர்வகித்துவந்த தந்தையை விலக்கிவிட்டு, கிண்டேரோ என்ற பேராசைக்காரன் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். அவனுக்கு வலக்கையாக இருந்து வரி என்ற பெயரில் குடியானவர்களைக் கசக்கிப் பிழிபவன் பாஸ்குவாலே என்னும் படைத்தலைவன். நிலைமையைப் புரிந்துகொண்ட டியேகோ அந்த நிமிடமே ஒரு முடிவுக்கு வருகிறான். வாளை உருவவில்லை, இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவுகிறான்.

பகலில் கோழை டியேகோ, இரவில் முகமூடி ஸோரோ, இரண்டும் அவனே. விசேஷம் அங்கேதான் இருக்கிறது. இரவில் முகமூடி அணிந்து சுவரில் இசட் எழுத்தைக் கீறிவிட்டுப் போகும் வீரனைப் போல ஆயிரம் பேர் திரையில் வந்துவிட்டார்கள். பகலில் வாசனை பூசிய கைக்குட்டையை வீசிக்கொண்டு, வெயில் தாங்கவில்லை, பயணம் அலுப்பாக இருந்தது என்று கொட்டாவி விட்டுக்கொண்டு, பெண்களுக்குச் செப்படி வித்தை காட்டி நேரத்தைப் போக்கும் டியேகோதான் இந்தப் படத்தின் உண்மையான கதாநாயகன் என்பது என் கட்சி. அவனுடைய தந்தை அவமானத்தால் தலைகுனியும்போது, மகன் ஒரு சொல் சொன்னால் அந்தத் துயரம் தீர்ந்துவிடும். அந்தச் சொல்லை அவன் சொல்லக்கூடாது. வாள் வீசுவதைவிடக் கடினமான வீரம் அது என்பதை டைரோன் பவர் கண்ணோரத்தில் மட்டும் காட்டுவார். கோழையாக நடிப்பதற்கு நல்ல நடிகன் வேண்டும். வீரனாக நடிப்பதற்கு நல்ல குதிரை இருந்தால்கூடப் போதும்.

கேள்வி: வில்லன் பாஸ்குவாலேயாக நடித்த பேஸில் ராத்போன் நம்முடைய ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர் என்று ஒரு நண்பர் பந்தயம் கட்டுகிறார். பணத்தைக் கொடுத்துவிடலாமா? (வாசகர், லெனேசியா)

பதில்: கொடுத்துவிடுங்கள். ராத்போன் 1892ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். தந்தை சுரங்கப் பொறியாளர். பிரிட்டிஷாரின் உளவாளி என்று, டச்சு வழிக் குடியேறிகளான போயர்கள் அவர்மீது குற்றம் சாட்டியதால், குழந்தைக்கு மூன்று வயது இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பிப் போனது. ஷெர்லாக் ஹோம்ஸாகப் பதினான்கு படங்களில் நடித்தவரும் இவரே.

வாள்வீச்சை முறையாகக் கற்று, அதில் உண்மையாகவே தேர்ந்த கையாக விளங்கிய இவர், திரையில் தம்மைவிடக் குறைந்த கைகளிடம் தோற்று விழுவதையே தொழிலாகக் கொண்டிருந்தார். 1935இலும் 1938இலும் எரோல் ஃப்ளின்னிடம் தோற்றார், 1940இல் பவரிடம். நம்மவர்களுக்கு இது புதிதல்ல. 1948இல் வந்த 'சந்திரலேகா'வில் வாள் வித்தை தெரிந்த ரஞ்சன் வில்லனாக வந்து எம்.கே. ராதாவிடம் தோற்றதை நினைத்துக்கொள்ளுங்கள். சண்டை நன்றாக அமைய வேண்டுமானால் தோற்பவனுக்குத்தான் வித்தை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. ஃப்ரெட் கேவன்ஸ் என்ற வாள் ஆசான் இந்தச் சண்டையை வகுத்துக் கொடுத்தார். கடினமான சில இடங்களில் பவருக்குப் பதிலாக நின்றவர் ஆசானின் மகன் ஆல்பர்ட்.

அந்தச் சண்டைக்கு முன்னால் வரும் மெழுகுவத்திக் காட்சியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாஸ்குவாலே வாளை ஒரு வீசு வீசி, எரியும் மெழுகுவத்தியின் தலையைத் துண்டித்துத் தன் திறமையைக் காட்டுகிறான். பதிலுக்கு டியேகோ வேறொரு மெழுகுவத்தியை வெட்டுகிறான். அது அசையவில்லை, சுடர்கூட அணையவில்லை. குறி தவறிவிட்டது என்று பாஸ்குவாலே சிரிக்கிறான். டியேகோ மெதுவாகக் கையை நீட்டி, எரிந்துகொண்டிருக்கும் மேல்பாதியைத் தனியே எடுத்துக் காட்டுகிறான். சிரித்த முகம் அப்படியே நிற்கிறது.

1976ஆம் ஆண்டு ஜனவரியில்தான் நம் தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்தது. அதற்கு முன்பு படம் பார்க்க வேண்டுமானால் பயாஸ்கோப்பு என்று நாம் சொல்லும் திரையரங்குக்குப் போக வேண்டும். அல்லது 16 மில்லிமீட்டர் படச்சுருளையும் கருவியையும் வாடகைக்கு எடுத்துவந்து வீட்டுச் சுவரில் வேட்டியைக் கட்டி ஓட்ட வேண்டும். டொங்காட்டில் எங்கள் பெரியப்பா வீட்டில் அப்படித்தான் நான் இந்தக் காட்சியை முதன்முதலில் பார்த்தேன். மறுநாள் காலை, விளக்கு மாடத்தில் இருந்த மெழுகுவத்தியைக் கொல்லைக் கட்டையில் நட்டு, கரும்பு வெட்டும் கத்தியால் ஒரு வீசு வீசினேன். மெழுகுவத்தி முழுசாக எழும்பிப் பக்கத்து வீட்டு வெள்ளாட்டின் மேல் போய் விழுந்தது. கத்தியைத் தொட்டதற்காக அம்மா கொடுத்த அடியைப் பற்றி இங்கே எழுத இடம் போதாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முகமூடி வீரனின் படம் என்று பெயர் பெற்ற இதில், எல்லோர் நினைவிலும் நிற்கும் அந்தச் சண்டையை டியேகோ முகமூடி இல்லாமல், சொந்த முகத்தோடு போடுகிறான். பாஸ்குவாலே சாய்ந்து விழும்போது சுவரிலிருந்த படம் நழுவி, முன்பு ஸோரோ கீறிவைத்த இசட் எழுத்து தெரிகிறது. முகமூடி அங்கே சுவருக்கு வந்துவிடுகிறது.

கேள்வி: நம் 'மலைக்கள்ளன்' இதைப் பார்த்து எடுத்ததுதானே? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: 1954இல் எம்.ஜி.ஆர். நடித்து, ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய அந்தப் படம், நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை எழுதிய நாவலிலிருந்து வந்தது, வசனம் மு. கருணாநிதி. இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுக்கும் மறைமுக வீரன், ஊருக்குள் அவனுக்கு வேறொரு முகம் என்ற அளவில் ஒற்றுமை உண்டு. அந்த அளவு ஒற்றுமை ஊருக்கு ஊர் கிடைக்கும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நடப்பதாகப் பரோனெஸ் ஆர்ட்ஸி எழுதிய 'ஸ்கார்லெட் பிம்பர்னெல்' ஸோரோவுக்கு முன்பே 1905இல் நாவலாக வந்துவிட்டது. அதிலும் பகலில் அசட்டுப் பிரபு, மறைவில் வீரன். பார்த்து எழுதியவர்களின் பட்டியலைத் தொடங்கினால் மெக்கல்லியும் அதில் நிற்க வேண்டியிருக்கும். எம்.ஜி.ஆரின் மலைக்கள்ளனிடம் நான் தேடிக் காணாதது ஒன்றே: கோழையாக நடிக்கும் கூச்சம். பகல் வேடத்திலும் அவர் கம்பீரமாகவே இருக்கிறார். ரசிகர்கள் வேறு எதையும் பொறுத்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் என் பேத்தி என்னோடு இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது பணக்கார வீட்டுப் பிள்ளையின் விளையாட்டு, காலனி ஆட்சியை எதிர்க்கிற படமே இல்லை" என்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். (வாசகர், சாட்ஸ்வர்த்)

பதில்: பேத்தி சொல்வதில் முக்கால்வாசியை நான் ஒப்புக்கொள்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் 1781இல் ஸ்பானியர் அமைத்த குடியேற்றம். 1821இல் மெக்சிகோவின் கைக்கும், 1848இல் அமெரிக்காவின் கைக்கும் போனது. ஸ்பானியர் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்த பூர்வகுடிகள்தான் கலிஃபோர்னியாவின் இருபத்தொரு கிறிஸ்தவ மடங்களின் வயல்களிலும் தொழுவங்களிலும் உழைத்தவர்கள். படத்தில் அவர்களுக்கு ஒரு பெயர்கூட இல்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதும், அடி வாங்குவதும், பணம் திரும்பக் கிடைத்தால் கும்பிடுவதும்தான் குடியானவர்களின் வேலை. முடிவில் பண்ணையார்களும் குடியானவர்களும் சேர்ந்து கொடுங்கோலனை விரட்டுகிறார்கள். ஆனால் நாற்காலியில் மீண்டும் அமர்பவர் டியேகோவின் தந்தை. கெட்ட எஜமானனுக்குப் பதிலாக நல்ல எஜமானன் வருகிறான், எஜமானன் இல்லாமல் போகவில்லை. அரசன் பெயரில் நடக்கும் ஆட்சியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

மீதிக் கால்வாசியைத் தாத்தாவுக்காக வாதாடுகிறேன். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கியவர்களுக்கு முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். பின்னாளில் ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள்மேல் 1895ஆம் ஆண்டுச் சட்டம் வருடத்துக்கு 3 பவுண்டு வரி சுமத்தியது. பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்பதால், முதல் வருடக் கூலிக் கணக்கில் அது ஆறு மாதச் சம்பளம். 1913ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914இல்தான் அது ஒழிந்தது. அந்த வரியைக் கட்டியவர்களும் அவர்கள் பிள்ளைகளும், வெள்ளையருக்குத் தனி, நமக்குத் தனி என்று பிரித்து வைத்திருந்த காலத்தில், டர்பன் கிரே ஸ்ட்ரீட் வட்டாரத்துப் பயாஸ்கோப்புகளில், ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய 'பன்னி சௌ'வைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, வரி வசூலிப்பவனின் கழுத்தில் கத்தி நிற்பதைப் பார்த்தால் என்ன நினைத்திருப்பார்கள்? என் தகப்பனார் கிண்டேரோவின் பெயரை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. "வரிக்காரன்" என்றுதான் சொல்லுவார். படம் எடுத்தவர்களின் மனத்தில் இல்லாத ஒரு படத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பேத்தி சொல்வது எடுத்த படத்தைப் பற்றி. தாங்கள் ரசித்தது பார்த்த படத்தை. இருவரும் இன்னொரு முறை சேர்ந்து உட்காருங்கள்.

கேள்வி: ஸோரோ உண்மையில் வாழ்ந்தவனா? (வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: இல்லை. 1850களில் கலிஃபோர்னியாவில் பேசப்பட்ட வாக்கீன் முரியேட்டா என்ற கொள்ளைக்காரனைச் சிலர் முன்மாதிரியாகக் காட்டுவார்கள். அவனைப் பற்றி 1854இல் வந்த நாவலே அவன் கதையில் பாதியைக் கட்டிவிட்டது. ஸோரோவுக்குப் பிறந்த பிள்ளையை வேண்டுமானால் காட்டலாம்: பேட்மேனை உருவாக்கிய பாப் கேன், ஃபேர்பேங்க்ஸின் படம் தமக்குத் தூண்டுதலாக இருந்தது என்று கூறியிருக்கிறார்.

கேள்வி: டைரோன் பவர் இளம் வயதிலேயே இறந்துவிட்டார் என்பார்களே, எப்படி? (வாசகி, ஸ்டேஞ்சர்)

பதில்: 1958ஆம் ஆண்டு நவம்பர் 15 அன்று, ஒரு படத்துக்காக ஜார்ஜ் சாண்டர்ஸோடு வாள்சண்டைக் காட்சியில் நடித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து இறந்தார். வயது 44. படப்பிடிப்பு நடந்த ஊர் மாட்ரிட்; டியேகோ வாளைக் கூரையில் செருகிவிட்டுக் கிளம்பிய அதே ஊர். அவருடைய ஒரே மகன் பிறந்தது அதற்கு இரண்டு மாதங்களுக்குப் பிறகு.

கேள்வி: கறுப்பு வெள்ளையா, வண்ணம் ஏற்றியதா, எதை வாங்குவது? (வாசகர், டொங்காட்)

பதில்: கறுப்பு வெள்ளை. 1935இலேயே முழுநீள வண்ணப் படம் எடுத்துக் காட்டிய மமூலியன், இதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். இரவில் கறுப்புக் குதிரைமேல் கறுப்பு மேலங்கி போவதற்கு வேறு நிறம் எதற்கு? மின்சாரம் போகும் நாளில் பார்க்கத் திட்டமிடாதீர்கள். மெழுகுவத்திக் காட்சி முடிந்ததும் வீட்டிலிருக்கும் பையன்கள் கண்ணில் படாமல் கத்தியை எடுத்து வையுங்கள்.