லெதர் பூட்ஸ் மழையில் ஒழுகுகிறது, வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். தண்ணீர் பெரும்பாலும் தையல் ஓட்டைகளிலும், சோல் மேல்தோலோடு சேரும் இடத்திலும்தான் நுழைகிறது. முதலில் அங்கே பாருங்கள்.

சோல் வாய் பிளந்திருந்தால் பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாளால் தேயுங்கள். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, 10–15 நிமிடம் பொறுங்கள். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்தி, கயிற்றால் இறுகக் கட்டி ஒரு நாள் விடுங்கள். இந்தப் பொறுமைதான் முக்கியம். ஈரப் பசையில் ஒட்டினால் நிற்காது.

அப்புறம் மெழுகு. உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் நன்றாகக் காயவையுங்கள். வெயிலும் ஹீட்டரும் தோலை விறைத்து வெடிக்கவைக்கும், தயவுசெய்து வேண்டாம். தேன்மெழுகு பாலிஷை விரலாலேயே தேயுங்கள், விரல் சூட்டில் இளகி உள்ளே இறங்கும். தையலுக்கு இரண்டு முறை. நிறம் சற்றுக் கருக்கும். வெல்வெட் போல மிருதுவான பரப்புள்ள ஸ்வேட் தோலுக்கு மட்டும் மெழுகு ஆகாது, அதற்கான ஸ்ப்ரேதான்.