வலை முடையும்போது நூல் ஏன் முறுக்கேறுகிறது?

கேள்வி: செம்பூரில் எட்டாவது மாடியில் குடியிருக்கிறோம். புறாக்களின் தொல்லை தாங்காமல் பால்கனிக்கு வலை போட முடிவு செய்தபோது, ஆள் வைப்பதற்குப் பதிலாக நானே முடையலாம் என்று தோன்றியது. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். தாத்தா வலை முடைவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். முடிச்சு சரியாகவே விழுகிறது. ஆனால் நைலான் நூலைச் சற்றுத் தளர விட்டால் போதும், பாம்புக்குட்டி போல் சுருண்டுகொள்கிறது. வலை ஊசியில் சுற்றிய நூல் தீரத் தீரத் தொல்லை கூடுகிறது. நூல் உருளையைத் தரையில் நிறுத்திவைத்து, மேல்பக்கமாக இழுத்துத்தான் ஊசியில் ஏற்றுகிறேன். நூல் மட்டமா, என் கை மட்டமா?
— வாசகி, செம்பூர், மும்பை

பதில்: நூலைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் முடிச்சிலும் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தைய வரியிலேயே இருக்கிறது.

நிற்கும் உருளையின் தலைப்பக்கமாக நூலை இழுக்கும்போது, உருளையிலிருந்து கழன்று வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஒரு முழு முறுக்கு ஏறுகிறது. நூலில் இது கண்ணுக்குத் தெரியாது. பரிசுப் பொட்டலம் கட்டும் தட்டையான நாடாச் சுருள் ஒன்றை எடுத்து, அதையும் அப்படியே நிறுத்திவைத்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள்; நாடா திருகித் திருகி வருவது தெளிவாகத் தெரியும். அதே சுருளின் நடுவே ஒரு பென்சிலைச் செருகி, சுருள் உருளும்படி பக்கவாட்டில் இழுத்தால் நாடா ஒரு திருகலும் இல்லாமல் தட்டையாக வரும். ஆகவே முதல் வேலையாக உங்கள் நூல் உருளையின் துளையில் ஒரு கம்பியையோ துடைப்பக் கட்டையையோ நுழைத்து, இரண்டு நாற்காலிகளுக்கு இடையே கிடையாக வைத்துவிடுங்கள். நூல் வர வர உருளை சுழல வேண்டும். பந்தாகச் சுற்றிய நூலை உள்முனையிலிருந்து உருவி எடுப்பவர்களுக்கும் இதே தொல்லை வரும்; பந்தை ஒரு வாளியில் போட்டு, அது உருளும்படி வெளிமுனையிலிருந்து எடுப்பதே நல்லது.

இரண்டாவது காரணம் ஊசி. வலை ஊசி என்பது நடுவில் நாக்குப் போன்ற ஒரு முள்ளும் அடியில் ஒரு பிளவும் உள்ள தட்டையான கருவி; முடைவதற்கான நூலை அதில்தான் சுற்றி வைக்கிறோம். நூலை வலை ஊசியின் ஒரு முகத்தில் மேலேற்றி, நடு நாக்கைச் சுற்றிக் கீழிறக்கி, அடிப்பிளவில் மாட்டியதும் ஊசியை மறுமுகத்துக்குத் திருப்புகிறோம். இந்தத் திருப்பல் ஒவ்வொன்றும் அரை முறுக்கு. ஒருமுறை வலப்பக்கம் திருப்பினால் அடுத்த முறை இடப்பக்கம் திருப்ப வேண்டும். அப்போது ஏறிய அரை முறுக்கு இறங்கிவிடும். எப்போதும் ஒரே பக்கமாகவே திருப்பிக்கொண்டு போனால் அது இறங்காமல் சேர்ந்துகொண்டே போகும்.

இது எவ்வளவு சேரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உருளையின் விட்டம் 10 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 31 செ.மீ.; ஐந்து மீட்டர் நூலைத் தலைப்பக்கமாக இழுத்தால் 16 முறுக்குகள். நாக்கிலிருந்து அடிப்பிளவு வரை 20 செ.மீ. உள்ள ஊசியில் அதே ஐந்து மீட்டரை ஏற்றப் பன்னிரண்டு முறை திருப்ப வேண்டும்; எல்லாம் ஒரே பக்கமென்றால் இன்னும் ஆறு முறுக்குகள். இரண்டும் ஒரே திசையில் அமைந்தால் 22, எதிரெதிராக அமைந்தால் 10. ஒரே உருளை, ஒரே ஊசியை வைத்துக்கொண்டு ஒருவர் தொல்லைப்படுவதும் இன்னொருவர் தப்பித்துக்கொள்வதும் பெரும்பாலும் இதனால்தான். நூல் தீரத் தீரச் சுருள் கூடுவதற்கும் விளக்கம் இதிலேயே கிடைக்கிறது. ஒவ்வொரு முடிச்சையும் விரலால் அழுத்தி இறுக்கும்போது, முடிச்சில் அடங்காத முறுக்கு ஊசிப் பக்கமாகத் தள்ளப்பட்டு, மிஞ்சியிருக்கும் குறைந்த நூலில் போய்க் குவிகிறது.

முடிச்சுப் போடும் கையையும் கவனியுங்கள். ஊசியை வலைக் கண்ணுக்குள் நுழைத்து வாங்கும்போது விரல்களுக்கிடையே அதை உருட்டும் பழக்கம் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. மாதுங்காவில் குடியிருந்தபோது குழந்தைக்கு ஊஞ்சல் வலை ஒன்று முடைந்தேன். தொங்கவிட்டதும் கண்கள் எல்லாம் ஒரு பக்கமாகத் திருகி நின்றன; பிரித்து மறுபடி முடைய ஒரு வாரம் ஆயிற்று. அதன் பின் ஊசியின் தட்டை முகம் எப்போதும் என் முகத்தைப் பார்த்திருக்கும்படி பிடிக்கப் பழகிக்கொண்டேன். நூலை விடுவிக்கத் திருப்ப நேர்ந்தால், ஏற்றும்போது செய்ததைப் போலவே வலமும் இடமுமாக மாற்றித் திருப்புகிறேன்.

இப்போது முடைந்துகொண்டிருக்கும் வலையைப் பிரிக்க வேண்டியதில்லை. வேலையை உயரமான ஓர் ஆணியில் மாட்டி, ஒரு முழ நூல் விட்டு, அது மேலும் அவிழாதபடி ஊசியின் நாக்கில் ஒரு சுருக்கு மாட்டி, ஊசியைக் கீழே தொங்கவிடுங்கள். அது தானே சுழன்று, நின்று, சற்று எதிர்ப்பக்கம் சுழன்று ஓய்ந்துவிடும். ஓய்ந்த பிறகு எடுத்து முடையுங்கள். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் இதைச் செய்தால் போதும். முடையும்போது ஊசிக்கும் கடைசி முடிச்சுக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் நூல் விடாமலிருப்பதும் உதவும்.

ஓர் எச்சரிக்கை: சுருளைப் போக்குகிறேன் என்று கையால் எதிர்ப்பக்கம் அளவுக்கு மீறித் திருகிவிடாதீர்கள். நூலை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால் அதன் புரிகள் (நூலாக முறுக்கிச் சேர்த்த பிரிவுகள்) ஏதேனும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறுவது தெரியும். அந்தச் சாய்வின் திசையில் கூடுதல் முறுக்கு ஏறினால் நூல் சுருளும். எதிர்த்திசையில் ஏறினால் அவ்வளவாகச் சுருளாது, ஆனால் புரிகள் வாய் திறந்து நூல் வலுவிழக்கும். பார்வைக்குச் சாதுவாகத் தெரிவதால் இந்த இரண்டாவது கேட்டைத்தான் பலர் கவனிப்பதில்லை. வெட்டிய முனையை உடனே நெருப்பில் காட்டி உருக்கி ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் அங்கிருந்தே புரி பிரியத் தொடங்கும்.

நேரில் பார்த்துக் கற்க விரும்பினால் ஜூன், ஜூலை மாதங்களில் வெர்சோவா பக்கம் போய் வாருங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், கோலி மீனவர்கள் வலை செப்பனிடும் காலம் அது. நம் தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: கடையில் 210/2/3 என்று எண் போட்ட நூல் தந்தார்கள். இதைவிடச் சிறிய எண் வாங்கினால் முறுக்குக் குறைவாக இருக்குமா?
— வாசகர், தாராவி

பதில்: அந்த எண் தடிமனைச் சொல்வது, முறுக்கைச் சொல்வதன்று. 9,000 மீட்டருக்கு 210 கிராம் எடையுள்ள இழைகள் இரண்டைச் சேர்த்து ஒரு புரியாக்கி, அப்படிப்பட்ட மூன்று புரிகளை முறுக்கிய நூல் என்பது அதன் பொருள். முறுக்கின் அழுத்தத்தைக் கையால்தான் அறிய வேண்டும். அரை மீட்டர் நூலை இரு முனைகளிலும் பிடித்துக் கைகளை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். நூல் தளர்ந்து தொங்கினால் நல்லது. தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் வேறு உருளை கேளுங்கள்.

கேள்வி: தங்கூசி (தூண்டிலுக்குப் பயன்படும் நைலான்) நரம்பில் முடைந்தாலும் இதே முறைதானா?
— வாசகர், சயான் கோலிவாடா

பதில்: தங்கூசி ஒற்றை இழை, அதில் புரி கிடையாது. அது வளைந்து வளைந்து வருவதற்கு முறுக்கைவிட, உருளையில் நெடுநாள் சுற்றிக் கிடந்த வளைவே முக்கியக் காரணம். வேண்டிய அளவு எடுத்து, கை பொறுக்கும் வெந்நீரில் சற்று நேரம் ஊறவிட்டு, இழுத்துக் கட்டி உலர வையுங்கள். உருளையைக் கிடையாக வைப்பது இதற்கும் பொருந்தும். வழுக்கும் இழை என்பதால் ஒற்றை முடிச்சு நில்லாது. நூலை இன்னொரு சுற்றுச் சுற்றி இரட்டை முடிச்சாகப் போட்டு, இறுக்குவதற்கு முன் நனைத்துக்கொள்ளுங்கள்.