மடக்குக்கத்தியின் அலகு ஸ்டெயின்லெஸ்ஸா, கார்பன் ஸ்டீலா?

கேள்வி: பழைய மடக்குக்கத்தி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அலகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, கார்பன் ஸ்டீலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் போதுமா?

காந்தம் இதற்கு உதவாது. ஸ்டெயின்லெஸ் பாத்திரங்கள் பலவற்றில் காந்தம் ஒட்டாது என்பதால்தான் இந்த நம்பிக்கை வருகிறது. அந்தப் பாத்திரங்கள் நிக்கல் கலந்த வேறு வகை. கத்தி அலகைச் சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்க வேண்டும். அப்படிக் கடினமாகும் ஸ்டெயின்லெஸ் வகைகளில் காந்தம் நன்றாகவே ஒட்டும். கார்பன் ஸ்டீலிலும் ஒட்டும்.

இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் குரோமியம். சுமார் 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால்தான் ஸ்டெயின்லெஸ் என்பார்கள். கத்திகளில் பெரும்பாலும் 12, 13 சதவீதம் அல்லது அதற்கும் மேல் இருக்கும். அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகி இரும்பைக் காக்கிறது. எனவே அந்தப் படலம் இருக்கிறதா என்பதைத்தான் நாம் சோதிக்க வேண்டும்.

முதலில் அலகின் அடியில், கைப்பிடிக்குப் பக்கத்தில் உள்ள முத்திரையை ஒரு லென்ஸ் வைத்துப் படியுங்கள். 'ஸ்டெயின்லெஸ்', 'இனாக்ஸ்', ஜெர்மன் கத்தியானால் 'ரோஸ்ட்ஃப்ரை' என்று இருந்தால் அது ஸ்டெயின்லெஸ், வேலை முடிந்தது. பிரான்சின் ஓப்பினெல் கத்திகளில் 'இனாக்ஸ்' அல்லது 'கார்போன்' என்று அலகிலேயே போட்டிருப்பார்கள். ஸ்டீலின் வகையைக் குறிக்கும் எண் மட்டும் இருந்தால், 420, 440 ஸ்டெயின்லெஸ். 1095 கார்பன் ஸ்டீல். நிறையப் பேர் ஏமாறுவது அமெரிக்காவின் கேஸ் நிறுவனக் கத்திகளில்தான். அவற்றின் எண்ணோடு வரும் 'எஸ்எஸ்' ஸ்டெயின்லெஸ். 'சிவி' என்றால் குரோம் வனேடியம். பெயரில் குரோம் இருந்தாலும் அதில் குரோமியம் ஒரு சதவீதம்கூட இல்லை. அது துருப்பிடிக்கும், கார்பன் ஸ்டீல் போலவே பார்த்துக்கொள்ள வேண்டும். டி2 என்ற ஸ்டீல் வகையாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சமாச்சாரம்: குரோமியம் 12 சதவீதம் வரை உண்டு, ஆனால் அதில் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்துவிடுவதால் கறை படியும்.

முத்திரை தேய்ந்துபோயிருந்தால் கத்தியின் வயது உதவும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளர் 1913-ல் உருவாக்கிய உலோகத்திலிருந்துதான் ஸ்டெயின்லெஸ் கத்திகள் வரத் தொடங்கின. அதற்கு முந்தைய கத்தி என்று உறுதியாகத் தெரிந்தால் அது கார்பன் ஸ்டீல்தான்.

அப்புறம் நிறத்தைப் பாருங்கள். புழங்கிய கார்பன் ஸ்டீலில் சாம்பல், நீலம், கொஞ்சம் கருமை கலந்த படலம் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும். எனக்கு இதுதான் மிகவும் நம்பகமான அடையாளம், அழகும்கூட. யாராவது பளபளவென்று தேய்த்து மெருகேற்றியிருந்தாலும், நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்திலும் கீல் ஓரத்திலும் அந்தக் கருமை மிஞ்சியிருக்கும். துருவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உப்பும் ஈரமும் பட்டுக் கிடந்தால் ஸ்டெயின்லெஸ்ஸிலும் புள்ளி புள்ளியாகத் துரு வரும். பழைய கார்பன் அலகுகள் சிலவற்றுக்கு நிக்கல் அல்லது குரோம் முலாம் பூசியிருப்பார்கள். உடம்பெல்லாம் மின்னும், சாணை பிடித்த விளிம்பு மட்டும் கறுத்திருக்கும். அப்படியிருந்தால் உள்ளே இருப்பது கார்பன் ஸ்டீல்.

இன்னும் சந்தேகமா? வினிகர் ஒரு சொட்டு போதும். அலகில் எண்ணெய் இருந்தால் சோதனை பொய்த்துவிடும், அதனால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, கண்ணில் படாத இடமாகப் பார்த்துச் சொட்டை விடுங்கள். முலாம் பூசிய கத்தியானால் விளிம்பருகே விட வேண்டும். கீலுக்குள் ஓடவிடாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் கார்பன் ஸ்டீலில் சாம்பல் நிறக் கறை தெரியும். ஸ்டெயின்லெஸ் அப்படியே இருக்கும். பிறகு தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் தடவிவிடுங்கள். எலுமிச்சம்பழத்தை அந்தக் கத்தியால் நறுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் துடைக்காமல் விட்டாலும் இதே விடைதான். கார்பன் அலகானால் பழத்தில் இரும்பு வாடையும் அடிக்கும். சாணைக்கல்லில் பொறி பறக்கவிட்டுப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. பொறியில் வித்தியாசம் தெரியும் என்பது சரி, ஆனால் அலகு கெடும். நல்ல கத்தியில் தயவுசெய்து செய்ய வேண்டாம். சேகரிப்பாளர்கள் விரும்பும் அரிய கத்தி என்றால் வினிகரும் வேண்டாம், கண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று அலகுள்ள கத்தியானால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள், ஏதாவது ஒன்று பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம். அதேபோல முதுகிலுள்ள ஸ்பிரிங் வேறு உலோகமாக இருக்க வாய்ப்புண்டு. அலகு ஸ்டெயின்லெஸ் என்று தெரிந்த பிறகும் கீலுக்கு அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விடுவது அதற்காகத்தான்.